நாலாவது கட்டம்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு பூனை. நான் வரைவேன், பக்கத்துப் போர்ஷனில் இருந்த பெரியப்பா மகள் வசனம் எழுதுவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் அக்கா. எழுத்துப்பிழை பற்றிய தீர்ப்பும் அவளுடையதுதான். ஒரு கதைக்கு நாலே கட்டம். முதல் கட்டத்தில் குற்றம் நடக்கும், நாலாவதில் பூனை யாரையாவது பிடித்துவிடும். பிள்ளையார்பாளையத்தில் அந்தக் கோடை விடுமுறையில் பூனையிடமிருந்து தப்பியவர்கள் யாருமில்லை.

காகிதத்துக்குக் குறைவில்லை. அப்பா பட்டுத்தறி நெய்பவர். சேலைக் கரைக்கு டிசைன் போட்டுப் பார்த்துக் கழித்த கிராஃப் தாள்கள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். பேனாவுக்குத்தான் திண்டாட்டம். காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனாவின் அடிமூடியைக் கடித்துத் திறந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் இன்னும் இரண்டு நாள் உழைக்கும் என்று கண்டுபிடித்தோம். மழை வேண்டுமென்றால் பழைய பல் பிரஷை மையில் தோய்த்துச் சீப்பின் மேல் தேய்ப்போம். மழை பாதி தாளிலும் பாதி சுவரிலும் பெய்யும். பூனையின் கறுப்புக்கு அம்மாவின் கண்மை. கண்ணுக்கு ஒரு துண்டு ஜரிகையை ஒட்டினேன், வெயில் பட்டால் அது நிஜமாகவே முறைத்தது. நாக்குக்கு நெயில் பாலிஷ் தடவி, காய்வதற்குள் அடுத்த தாளை மேலே வைத்ததில் ஒரு வழக்கு இன்னொரு வழக்கோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் தள்ளுபடியாயின.

முடித்த கதையை அப்பாவும் பார்ப்பார், பெரியப்பாவும் பார்ப்பார், ஆனால் தனித்தனியாக. அவர்கள் இருவரும் மூன்று மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் மோட்டார். இரண்டு போர்ஷனுக்கும் மொட்டைமாடியில் ஒரே தொட்டி, நடையில் ஒரே ஸ்விட்ச். ஒருநாள் காலையில் அப்பா தெருவில் தறிக்கு ஏற்றவேண்டிய பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, பட்டு இழைகளைச் சீர்செய்துகொண்டிருந்தார். தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் மாடியிலிருந்து நேராக அதன் மேல் கொட்டியது. கரையின் சிவப்புச் சாயம் மஞ்சளுக்குள் இறங்கி, பாவு முழுவதும் வீணாயிற்று. பெரியப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லுபவர். நிமிடம் தவறாதவர் என்று பெயரெடுத்தவர். “நான் ஆஃப் பண்ணிட்டுதான் டூட்டிக்குப் போனேன். மறக்கறதுக்கு நான் என்னா கொழந்தையா?” என்றார். மோட்டார் பக்கமே தான் போகவில்லை என்றார் அப்பா. அதோடு பேச்சு நின்றது. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் மாடியில் துணி காயப்போடும் சாக்கில் தணிந்த குரலில் கொஞ்சம் பேசிக்கொள்வார்கள்.

பூனை இந்த வழக்கை எடுத்துக்கொண்டது இயல்புதான். முதல் கட்டத்தில் தொட்டி வழிந்தது. இரண்டாவதில் பாவு நனைந்தது. மூன்றாவதில் பூனை பூதக்கண்ணாடி வைத்து ஸ்விட்சை ஆராய்ந்தது. நாலாவதில் யாரைப் பிடிப்பது என்பதில் எங்களுக்குள் சிக்கல். நான் காக்கா என்றேன், அக்கா பேய் என்றாள். முடிவாகாததால் கட்டத்தைக் காலியாக விட்டுத் தாளை அவர்கள் வீட்டு டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் காலிக் கட்டத்தில் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு படம். தீக்குச்சிக் கால், பூசணித் தலை. தோளில் பையும் கையில் பெரிய கடிகாரமுமாக ஒரு ஆள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்விட்ச், அதில் எரிகிற சின்ன விளக்கு. வசனம் இல்லை.

“எங்கப்பாதான் காலையில உக்காந்து கிறுக்கிக்கினு இருந்தாரு” என்றாள் அக்கா, வெட்கத்தோடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆளுக்கு மூக்கே இல்லை. ரப்பரால் தேய்த்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், தாள் நைந்தது. கடைசியில் அக்காவின் ஒயிட்னரை மூன்று பூச்சு பூசி, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, அதன் மேல் கைவிலங்கு மாட்டிய காக்காவை வரைந்தேன். அக்கா பேயை விட்டுக்கொடுத்து வசனம் எழுதினாள்: ‘நான்தான் மோட்டாரைப் போட்டேன்.’ இப்போது டேப்லெட்டில் படம் வரைந்துதான் பிழைக்கிறேன். பிடிக்காத கோடு ஒரு தட்டில் தடயமில்லாமல் போய்விடுகிறது. அன்று கையில் ஒயிட்னர்தான் இருந்தது, நல்லவேளை.

அப்பா டீ குடித்துக்கொண்டே தாளை வாங்கினார். காக்காவைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், தாளின் பின்பக்கம் விரல் பட்டதும் நிறுத்தினார். இழையில் சின்ன முடிச்சு இருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல்கள். பெரியப்பா அவ்வளவு அழுத்தி வரைந்திருக்கிறார். தாளைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“இதுக்கு அடியில என்னாமா இருந்துது?”

“பெரியப்பா கிறுக்கிட்டாருபா. பைய மாட்டிக்கினு ஒரு ஆளு ஓடுறான், பின்னால ஸ்விட்சு எரியுது. கேவலமா இருந்துது.”

அப்பா டம்ளரை வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தாளோடு பக்கத்துப் போர்ஷனுக்குப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் படத்தைக் கெடுத்ததற்கு நியாயம் கேட்கத்தான் போகிறார். அம்மா மிக்சியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சண்டைச் சத்தம் வரவில்லை. பிறகு இருவரும் மாடிப்படி ஏறுவது கேட்டது. தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்பதற்கு என்ன வைக்கலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். யாரும் கேட்காமலே அம்மா இன்னும் இரண்டு டீ போட்டாள்.

நான் படிக்கட்டின் அடியில் நின்றேன், பெரியப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக. இறங்கி வந்தவர் தாளை என்னிடம் நீட்டினார். “நல்லாத்தான்மா வரையுற. அந்தக் காக்காவ மட்டும் விட்டுடு, பாவம். அது ஒண்ணும் பண்ணல.”

படத்தைக் கெடுத்ததுமில்லாமல் குற்றவாளிக்குச் சிபாரிசு வேறு. “முடியாது பெரியப்பா. அது குத்தத்த ஒத்துக்கிச்சு” என்றேன் கறாராக.

அப்பா சிரித்தார். பெரியப்பாவும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறவர் எதற்குக் கண்ணைத் துடைக்க வேண்டும், அதற்கு அப்பா எதற்குத் தன் துண்டைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று முழுவதும் அந்த வீட்டில் பெரியப்பாவோடு பேசாமல் இருந்தது நான் ஒருத்திதான்.