அப்பாவைக் கீலம் கீலமாக அச்சடித்தது

பிரிண்டர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அவை ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து இருந்துகொண்டு கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போய்வந்தேன். தமிழில் எழுதி அச்சிடுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் செய்வதுதான் வேலை. அதுவரை கறுப்புத் திரையோடு மாரடித்துக்கொண்டிருந்தோம். பிறகு ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிற புதுமுறை வந்தது. திரையில் தமிழ் அழகாகத்தான் தெரிந்தது. அச்சுக்குப் போனால் ஒன்றும் சரிவரவில்லை. நிறுவனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோமே தவிர, அதில் இருந்தது நானும் முதலாளியும்தான். அவர் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர்; முன்பு துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர்.

அப்போதுதான் வடக்கிலிருந்து எங்கள் ஊரவர் ஒருவர் கடல்நீரேரி கடந்து, வவுனியாவில் மறிபட்டுக் கிடந்து, ஒருமாதிரி கொழும்பு வந்து என் அறைக் கதவைத் தட்டினார். அப்பா இறந்து மூன்று கிழமையாகிறது என்றார். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அந்த மூன்று கிழமையும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கடற்கரைக்குப் போயிருக்கிறேன். கொத்துரொட்டி தின்றிருக்கிறேன். முதலாளியின் பகிடிக்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அழுகை வரவில்லை. எதுவுமே மண்டைக்குள் ஏறவில்லை.

"கல்வெட்டை இஞ்ச அடிச்சு அனுப்பட்டாம் எண்டு அம்மா சொன்னவா. அங்க பேப்பரும் இல்லைத் தம்பி. நான் வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறன்" என்றார் வந்தவர்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம்தான் கல்வெட்டு. இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள், கடைசியில் வந்தவர்களுக்கு நன்றி. கொள்ளி வைக்க மகன் இல்லை, கல்வெட்டாவது மகன் அடித்ததாக இருக்கட்டும் என்று அம்மா நினைத்திருப்பா. அதையும் செய்யாவிட்டால் நான் என்ன பிள்ளை?

அச்சகங்களில் கேட்டேன். அவசரமென்றாலும் இரண்டு கிழமையாகும் என்று கையை விரித்துவிட்டார்கள். விஷயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ஊருக்கு ஒரு கல்வெட்டு அடிக்க வேண்டும் என்று மட்டும் முதலாளியிடம் சொல்லி, அப்பாவின் வரலாற்றை எழுதியிருந்த தாளை நீட்டினேன். மகன் என்று என் பெயர் இருந்த வரிவரை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம புரோகிராம் எதுக்குத் தம்பி இருக்கு? அதுலயே அடிங்க. ஒரு பிரதி சரியா வந்தாப் போதும், மிச்சத்தை ஃபோட்டோகொப்பி எடுத்துக்கலாம்."

அடித்தேன். தாளின் உச்சியில் அப்பா பிறந்தார். ஒரு விரற்கடை கீழே தேவாரம் தொடங்கியது. அதற்குக் கீழே இறுதிக் கிரியைகளில் கலந்துகொண்ட அனைவருக்கும் எங்கள் நன்றி. மிச்சத் தாள் வெறுமை. ஒரு பகுதியும் அடுத்ததும் சேருகிற இடங்களில் ஒரு வரியின் மேல்பாதியும் வேறொரு வரியின் கீழ்ப்பாதியும் ஒட்டி, உலகத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் சில உண்டாகியிருந்தன. படித்தார், உத்தியோகம் பார்த்தார், கல்யாணம் செய்தார் என்பதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்ன தம்பி இது, பொறந்த உடனே நன்றி சொல்லி அனுப்பிட்டோமே" என்று சொல்லிவிட்டு, முதலாளி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. எது வரவேண்டும் என்பதே தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். ஒரே தாளுக்குக் கம்ப்யூட்டர் என் புரோகிராமிடம் திரும்பத் திரும்ப வந்து 'என்ன அச்சிட வேண்டும்' என்று கேட்டது. முதல் முறையே முழுப் பக்கத்தையும் கொடுத்தாயிற்றே, பிறகென்ன கேள்வி? புதுமுறையின் கைநூல் நகலில் அதை விளக்கும் இடம் மங்கிப்போய்க் கிடந்தது. எதை எதையோ மாற்றினேன். அப்பா பிறப்பதும் நாங்கள் நன்றி சொல்வதும் நின்றபாடில்லை.

வியாழக்கிழமை காலை, பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "கொஹெத யன்னே?" என்று ஒரு சிப்பாய் கேட்டான். எங்கே போகிறேன், ஊர் எது, எங்கே தங்கியிருக்கிறேன், என்ன வேலை, எல்லாம் சொன்னேன். கோட்டைக்குக் கிட்ட மறுபடி இறக்கினார்கள். வேறொருவன், அதே கேள்விகள். அதுதான் அங்கேயே சொன்னேனே என்று வாய்வரை வந்துவிட்டது. அங்கே சொன்னது இவனுக்கு எப்படித் தெரியும்? இவனுக்கு முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரின் கேள்வி சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. ஏன் முழிக்கிறாய் என்று சிங்களத்தில் அதட்டினான். முழுக் கதையையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கொட்டாஞ்சேனைக்கு ஓடாத குறையாகப் போனேன்.

மெமரி போதாததால் புதுமுறை தாளைக் குறுக்கே கீலங்களாக, பட்டி பட்டியாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கீலத்துக்கும் முழுப் பக்கத்தையும் கேட்டு, அந்தக் கீலத்துக்குள் விழுவதை மட்டும் அச்சிட்டு, மற்றதை மறந்துவிடுகிறது. பழைய முறையிலோ ஒருமுறை கொடுத்த வரி கொடுத்ததுதான். அந்தப் பழக்கத்தில், கேள்வி வரும்போதெல்லாம் அடுத்த பக்கத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். ஒவ்வொரு கேள்விக்கும் அதே பக்கத்தை முதலிலிருந்து சொல்லும்படி மாற்றினேன். இனியும் பிழைத்தால் எங்கே என்று தெரிய வேண்டுமே என்று, சொல்லப்படும் வரிகள் திரையின் அடியில் ஒவ்வொன்றாகத் தெரியவும் செய்தேன்.

பிரிண்டர் கிரீச்சிட்டு ஒரு கீலத்தை அடித்தது. நின்றது. திரையில் வரிகள் ஓடின. பிறந்தார். படித்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கரானார். அம்மாவைக் கைப்பிடித்தார். நான் பிறந்தேன். இறந்தார். அடுத்த கீலம். மறுபடியும் பிறந்தார், படித்தார், நான் பிறந்தேன், இறந்தார். தாளில் வரலாறு சரியாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் தாளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் புதிதாகப் பிறந்து வந்து என் கண்முன்னால் செத்துக்கொண்டிருந்தார். நிறுத்தினால் நாளைக்கு ஊருக்குப் போகாது. நிறுத்தவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

முதலாளி தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "அருமையா வந்திருக்குத் தம்பி." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், என்ன பிழை?"

"அண்ணை, அப்பா செத்துப்போனார்" என்றேன்.

அவருக்குத் தெரியாத செய்தியா? ஆனால் அவர் தெரியும் என்று சொல்லவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, "எப்பத் தம்பி?" என்று கேட்டார். நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.