பூட்டப்பட்ட குடும்பப் பதிவு

போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது. இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க். தோட்டத்தில் யார் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், யார் இறந்தார்கள் என்ற குடும்பப் பதிவு முழுவதும் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பழைய பதிவுப் புத்தகங்களைக் கறையான் அரித்துவிட்டதால், மூன்று வருஷமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி விசாரித்து நான் டைப் செய்து வைத்தது. ஐடென்டிட்டி கார்ட் எடுக்க, பிள்ளையை ஸ்கூலில் சேர்க்க, எதற்குக் கடிதம் கேட்டு வந்தாலும் அதைப் பார்த்துத்தான் கொடுப்போம்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸுக்கு அப்டேட் வருவது நின்று பல வருஷமாகியிருந்தது. ஒரு நாள், இனி இந்த மெஷினில் வேலை செய்ய முடியாது என்று ஆன்டிவைரஸும் அறிவித்துவிட்டது. வேறு மெஷின் கேட்டுத் தலைமை ஆபீசுக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது தடவை எழுத அலுப்பாக இருந்தது. எவ்வளவு பழைய கம்ப்யூட்டருக்கும் பொருந்தும், இலவசம் என்று இன்டர்நெட்டில் கண்ட ஒரு ஆன்டிவைரஸை நானே இறக்கிப் போட்டேன். ஆபத்து இல்லை என்று பச்சை நிறத்தில் காட்டியது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் திறந்து தருவதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்கார நானா மத்தியானம்வரை எதை எதையோ செய்து பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நீங்க போட்டது ஆன்டிவைரஸே இல்ல மிஸ். அந்தப் பேர்ல வந்த வைரஸ். வேற எங்கயாச்சும் கொப்பி இருக்கா?"

இல்லை. ஒரு பென் டிரைவில் போட்டு வைக்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இவ்வளவு பழைய மெஷினை எந்த ஆன்டிவைரஸும் முழுசாகக் காப்பாற்றாது, இன்டர்நெட்டைக் கழற்றிவிட்டுப் பாவியுங்கள், கொப்பியை வெளியே வையுங்கள் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

தோட்டத்து மேனேஜரான துரையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, முதலிலிருந்து எழுதச் சொன்னார். மறுபடியும் அதே படிகள், அதே கேள்விகள். லயத்து ஜனங்கள் ஏசுவார்கள் என்று நினைத்தேன். பலர் பெட்டியைத் திறந்து பிறப்புப் பத்திரத்தை எடுத்து நீட்டினார்கள். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

ரப்பர் பால் வெட்டும் ஓர் அக்காவின் வீட்டு வாசலில்தான் என் கால் தயங்கியது. அவருடைய மூத்த மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். போன தடவை அந்தத் தேதியைக் கேட்டபோது அவர் அழுதது ஞாபகம் இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்று புத்தகத்தை மூடினேன்.

"பெரியவள எழுதலியே மிஸ்," என்றார்.

திரும்பக் கேட்க மனம் வரவில்லை என்றேன்.

"கேளுங்க. அவ பேர எங்கிட்ட இப்ப யாருமே கேக்குறதில்ல."

பெயரையும் பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் எழுதினேன்.

வேறு வேலையை ஒதுக்கிவிட்டு எழுதியதால் இந்தத் தடவை எல்லாம் முடிய ஐந்து மாதம்தான் ஆனது. புது மெஷின் இன்னும் வரவில்லை. வைரஸை நீக்கித் துடைத்த பழையதை இன்டர்நெட் இல்லாமல்தான் ஓட்டுகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு கொப்பி எடுக்கிறேன். எத்தனை களைப்பாக இருந்தாலும் அந்த வேலையை மட்டும் நாளைக்குத் தள்ளுவதில்லை, ஏனென்றால் நான் தொலைத்தது ஃபைல்களை அல்ல, என்னை நம்பி அவர்கள் வாய்விட்டுச் சொன்ன பெயர்களை என்பது இப்போது எனக்குத் தெரியும்.