நான்கு மெக்கானிக்கும் கேட்காத கேள்வி

தில்லியில் கார்பரேட்டர் வண்டிகள் ஓடிய காலத்தில், சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறு சொல்ல ஜங்புராவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இன்ஜினியர்கள் வீட்டு வண்டியெல்லாம் என் ஷெட்டில்தான் நிற்கும். பெருமை என்றால் பெருமைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பழைய வெள்ளைக் கார் ஒன்றில் ஒரு நர்ஸ் அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜின் அணைந்துவிடுகிறதாம். மூன்று மெக்கானிக்குகள் கார்பரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

"நாளைக்கு முனிர்காவுல இருந்து ஒருத்தர் வண்டிய வாங்க வாராரு அண்ணாச்சி. அதுக்குள்ள சரியாகலன்னா தள்ளிவிட்டுர வேண்டியதுதான்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த அம்மா சாவியைக் கையிலேயே இறுக்கி வைத்திருந்தார். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வண்டி. ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போய்வந்தார்.

பானெட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்டேன். வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், அதாவது ஐடில், இறங்கியிருந்தது. அதற்கான ஸ்க்ரூவைக் கால் சுற்று ஏற்றியதும் இன்ஜின் சீராக ஓடியது. "எடுத்துட்டுப் போங்க" என்றேன். அரை மணியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள்.

"பெரிய ஆளுன்னு சொன்னாவளே அண்ணாச்சி, நீங்களும் அப்படித்தானா?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. "எப்ப சார் அணையுது? சூடானப்புறமா?"

"அது... ரெட் லைட்டுல நின்னதும்."

அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவுகள ஏன் கேக்கிய? அவுகளுக்கு சைக்கிளே நேரா போவாது. நாந்தான ஓட்டுதேன்! நின்னதும் இல்ல, பிரேக்குல கால் வச்ச உடனே அணையுது. ஒருத்தராவது என்கிட்ட கேட்டியளா?"

என்னையும் சேர்த்து நான்கு மெக்கானிக்குகள், வண்டியே ஓட்டாதவரிடம் கேட்டிருக்கிறோம்!

அவரையே உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்தால் திணறியது, விட்டால் தேறியது. அவ்வளவுதான், பிடித்துவிட்டேன். இன்ஜினிலிருந்து, பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, இன்ஜின் பக்கத்து வாயை அடைத்தேன். இப்போது எவ்வளவு மிதித்தாலும் திணறல் இல்லை. பூஸ்டருக்குள் ரப்பர் கிழிந்து, மிதிக்கும்போதெல்லாம் வெறுங்காற்றை இன்ஜினுக்குள் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலத்துக்குள் உதிரிபாகக் கடைகள் இருக்கும் காஷ்மீரி கேட் போய் வேறு பூஸ்டர் வாங்கிவந்து மாட்டினேன். காலையில் நான் ஏற்றிய கால் சுற்றையும் இறக்கிவைத்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மா ஓட்ட, நான் பக்கத்தில், வீட்டுக்காரர் பின்னால். ஐ.என்.ஏ. மார்க்கெட் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். இன்ஜின் திணறவில்லை, பச்சை விழும்வரை ஒரே சீராக ஓடியது.

ஷெட்டுக்குத் திரும்பியபோது வண்டியை வாங்க வந்த முனிர்காக்காரர் காத்திருந்தார்.

"பையா, காடி நஹீ பேச்னி" என்று, வண்டியை விற்கப்போவதில்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மா தன் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "ஏன் இறங்குதிய? ஏறுங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாவுது."