மதகடி உளுந்தும் உலகநாதன் வேனும்

உலகநாதன் அண்ணனுடைய வேனில் ஏறுவதென்றால் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். பண்டசோழநல்லூரிலிருந்து வில்லியனூர்ப் பக்கம் இருக்கிற மாத்திரைக் கம்பெனிக்கு எங்களை அவர்தான் ஏற்றிப் போவார். ஓடுகிற வண்டி எப்படியெல்லாம் தீப்பிடிக்கும் என்று அவரிடம் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது. எலி கடித்த ஒயர், கசிகிற பெட்ரோல் டியூப், எஞ்சினைத் துடைத்துவிட்டு அங்கேயே மறந்த துணி, வெயிலில் விட்டுப்போன சென்ட் பாட்டில் என்று வழியெல்லாம் பாடம்தான். ஊரில் எவனாவது கூடுதலாக ஒரு ஹாரனோ லைட்டோ மாட்டினால் அவனை நிறுத்தி வைத்துத் திட்டுவார். சீட்டுக்கு அடியில் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளை குட்டி இல்லாத மனிதருக்கு வேறு எதை வைத்துக்கொண்டு கவலைப்படுவது?

நெல் அறுத்த வயலில் எங்கள் பக்கம் உளுந்து போடுவார்கள். காய் முற்றியதும் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் வெடித்து உளுந்து உதிரும், கூலி மிச்சம். போலீஸ்காரர்கள் வருடா வருடம் வந்து கேஸ் போடுவோம் என்று மிரட்டுவார்கள். அண்ணன் அந்தச் செடிமேல் சக்கரத்தை ஏற்றவே மாட்டார். செத்தை போய் ஆக்ஸிலில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று மண்ணில் இறக்கி ஓரமாகவே ஓட்டுவார்.

வாய்க்கால் மதகடியில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே செல்வகுமாரியின் உளுந்து காயும். புருஷன் இல்லாமல் தனியாளாகப் பயிர் வைக்கிறவர். மகள் சுவேதாவைப் பாகூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். அண்ணன் வேனை நடுச்செடியில் மெதுவாக ஏற்றுவார். அப்புறம் பின்னால் எடுப்பார். மறுபடி முன்னால். நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்குவோம். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாண்ணா, இங்க மட்டும் செத்த சுத்தாதா?”

செடியை மெல்லிசாகப் பரப்பியிருக்கிறது என்றார். எங்கே மெல்லிசு? முழங்கால் உயரம் கிடந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வேன் வருகிற நேரம் பார்த்துத்தான் அந்த அம்மா செடியைப் புரட்டிப் போடும்.

போன மாசியில் ஒரு மத்தியானம். ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தோம். வழக்கம்போல மதகடியில் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு வந்தார். ஊர் எல்லையை நெருங்கும்போது கருகல் வாசனை. அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, எங்களையெல்லாம் இறக்கிவிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உளுந்துச் செத்தை கயிறு போல முறுக்கிக்கொண்டு அடியில் எரிந்தது. சிவப்பு சிலிண்டரை முழுக்க அடித்தும் காற்றில் தீ அடங்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் அவரை அப்புறப்படுத்தினோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வேன் எலும்புக்கூடாக நின்றது.

கூட்டம் கூடியது. பேட்டரி என்றார் ஒருவர், வெயில் என்றார் இன்னொருவர், கண்ணேறு என்றது ஒரு பெரியம்மா. அண்ணன் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: தானே ஒரு ஹாரன் மாட்டியதாகவும் அந்த ஒயர்தான் காலை வாரியதாகவும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வண்டியில் கம்பெனி ஹாரனைத் தவிர வேறு ஹாரன் ஏது? சொந்தக் கையால் ஒயரை மாற்றினேன் என்றால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். வேறு வண்டி வாங்க அவருக்கு வழியும் கிடையாது. தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன்.

“செத்தன்னு சொன்னா போலீசு யாரத் தேடிப் போவும்? ஒண்டியா கஷ்டப்படுற பொம்பள. உட்டுடும்மா.”

அழுதுவிட்டேன். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. நேராகச் செல்வகுமாரி வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அந்த அம்மா உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டது. கையிலிருந்த முறம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கல்நெஞ்சு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

இன்ஷூரன்ஸ் அதிகாரி வந்த அன்று, எரிந்த வேனை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் ஹாரன் கதையை ஆரம்பிக்கும்போதே செல்வகுமாரி ரோட்டில் வருவது தெரிந்தது. நல்ல புடவை கட்டியிருந்தார். நேராக அதிகாரி முன்னால் வந்து நின்றார்.

“ஹாரனும் இல்ல ஒண்ணும் இல்ல சார். என் உளுந்துச் செத்ததான் சுத்திக்கிச்சி. கேஸு போட்டா எம்மேல போடட்டும். நெதம் எனக்கோசரம் முன்னாலயும் பின்னாலயும் ஏத்துவாரு. நான் ஒருநாளும் வேணாம்னு சொல்லல.”

அதிகாரி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஆக்ஸிலில் கருகிய தண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இது விபத்துதான், அப்படியே எழுதுகிறேன் என்றார். எழுதிக்கொண்டே, நீங்கள் இவருக்கு என்ன உறவு அம்மா என்று கேட்டார்.

செல்வகுமாரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

“அத அவரத்தான் கேக்கணும் சார்.”

எதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கிற மனிதர் அன்றைக்குத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம், தான் நின்றிருந்த நிழலில் கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார். செல்வகுமாரி போய் நின்றுகொண்டார்.