கற்பூர வாசனையை நம்பின வெள்ளிக்கிழமை

வயித்துல பிள்ளை தங்கின நாள்லேர்ந்து எனக்கு மூக்கு மட்டும் தனியா வேலை செஞ்சுது. பக்கத்து வீட்டுல பூண்டு உரிச்சா இங்க குமட்டும். அந்த மூக்குதான் அன்னிக்கு என்னைக் கவுத்துச்சு.

வேங்கிக்கால் தாண்டி ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்துறேன். திங்கட்கிழமை பிராக்டிகல். போர்னியால்னு ஒரு ஆல்கஹால், பாக்க வெள்ளைப் பொடி. அதை ஆக்சிஜனேற்றம் பண்ணி கற்பூரமா மாத்தணும். வருஷா வருஷம் அதுக்குக் குரோமியம்தான். ஆரஞ்சுத் தண்ணி, கையில பட்டா புண்ணு, உடம்புக்குள்ள போனா புத்துநோய் வரைக்கும் இழுத்து விடும். மிச்சத்தை எங்க ஊத்துறதுன்னும் யாருக்கும் தெரியாது. பிள்ளையை வயித்துல வெச்சுக்கிட்டு அது பக்கத்துல நிக்க மாட்டேன்னுட்டேன். அப்ப லீவு போடுங்கம்மான்னாரு எங்க துறைத் தலைவர். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நான் லீவு போட்டா, பசங்க மட்டும் அதுல கை வைக்கலாமா?

வேற வழி இருக்கு சார்னேன். நீச்சல் குளம் சுத்தம் பண்ற வெள்ளைப் பொடி ஒண்ணு, கூட கொஞ்சம் உப்பு. உப்புதான் இதுல வினையூக்கி. வேலையை முடுக்கி விட்டுட்டு மறுபடி உப்பாவே நிக்கும். சூடு பண்ண வேணாம், கெடுதலும் ரொம்பக் கம்மி. சரி, இன்னிக்கே செஞ்சு காட்டுங்க, வரலன்னா திங்கட்கிழமை குரோமியம்தான்னு சார் முடிவா சொல்லிட்டாரு.

அன்னிக்குப் பாத்து வெள்ளிக்கிழமை, பௌர்ணமி வேற. சாரும் அட்டெண்டர் அண்ணனும் கிரிவலத்துக்குக் கிளம்பணும், ரோடு அடைச்சிடுவாங்கன்னு ரெண்டு பேரும் பறந்துட்டு இருந்தாங்க. எனக்கு உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. குடுவைக்குள்ள கலக்குற காந்தம் கரண்ட்டுல சுத்துது, வெளிய நான் மேசையைச் சுத்துறேன். ஒரு மணி நேரம் கிட்ட ஆகும்னு நல்லாவே தெரியும். பாதியிலயே கற்பூர வாசனை குப்புனு வந்துச்சு. ஆயிடுச்சுடா சாமின்னு ஸ்விட்சை அணைச்சு, வடிச்சு, காய வெச்சு, சாரைக் கூப்பிட்டேன்.

ஆல்கஹால் பூரா மாறிடுச்சான்னு பாக்குற சோதனை இருக்கே, கூத்தே அதுலதான். அதுக்கும் குரோமியம் வேணும், ஒரே ஒரு சொட்டு. ஆல்கஹால் மிச்சம் இருந்தா பச்சையாயிடும், இல்லன்னா ஆரஞ்சாவே இருக்கும். சார் சொட்டு விட்டாரு. கலங்கலா பச்சை.

வாசனை வந்துச்சே சார்னேன். அவர் வாசலைக் காட்டினாரு. வெள்ளிக்கிழமை தவறாம அட்டெண்டர் அண்ணன் லேப் வாசல்ல கற்பூரம் ஏத்துவாரு. தட்டுல கரி இன்னும் அப்படியே இருந்துச்சு. வாரா வாரம் பாக்குறவதான் நான், அன்னிக்கு என் புத்தி எங்க மேய்ஞ்சுதோ தெரியல. அழுகை வந்துடுச்சு. சார் பையை எடுத்து மாட்டிக்கிட்டாரு.

"இன்னொரு தடவை சார். இந்தத் தடவை மூக்கை நம்ப மாட்டேன்."

சார் என் முகத்தைப் பாத்தாரு, வயித்தைப் பாத்தாரு, பையைத் திரும்ப மேசையில வெச்சாரு. அட்டெண்டர் அண்ணன் முணுமுணுத்துக்கிட்டே தட்டைக் கழுவி வெச்சுட்டு ஜன்னலையெல்லாம் திறந்து விட்டாரு. மறுபடி பொடி, மறுபடி உப்பு. இந்தத் தடவை கடிகாரத்தை மட்டும் பாத்தேன். வாசனை வந்துச்சு, வரட்டும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். நேரம் முழுசா ஆன பிறகுதான் நிறுத்தினேன்.

சொட்டு விழுந்துச்சு. ஆரஞ்சு. மூணு பேரும் குனிஞ்சு பாத்துட்டே நின்னோம். ஆரஞ்சாவே இருந்துச்சு.

சார் குரோமியம் அலமாரி சாவியை எடுத்து என் கையில குடுத்தாரு. "பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்கம்மா. அந்த ஒரு சொட்டு இல்லன்னா உங்க கற்பூரத்தை யாரு நம்புவா?"

திங்கட்கிழமை நான் லீவு போடல. பசங்க நடுவுல, வயித்தைத் தள்ளிக்கிட்டு, வகுப்பு முடியற வரைக்கும் நின்னேன்.