திருப்பக் கூடாத முட்டை

கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கெட்டுப்போகும், பல்லி முட்டையைத் திருப்பினால் செத்துப்போகும். என் தொழில் இவ்வளவுதான். இது ஊரில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அடுத்தவர் கை வைத்துக் கெடுத்த வேலைக்குத் திட்டு வாங்கியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்காவே பேசிக்கொண்டிருந்த சமயம். காஜா பெராங்கில் கோவிந்தன் முதலாளி, 'தொக்கே, தொக்கே' என்று கத்தும் பெரிய பல்லிகளைக் காயவைத்துச் சீன மருந்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். பிடித்து வருவது போதாமல் கொட்டகை போட்டு வளர்க்கவும் தொடங்கினார். முட்டைக்கு நான் காவல். "இந்தத் தடவ பொரிக்கலன்னா கொட்டாயச் சாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டார். சாத்தினால் நான் புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பிப் பால்மரம் சீவ வேண்டும். அதற்கு இனி என் முதுகு வளையாது.

குலுக்கல்

இந்தப் பல்லி முட்டையைப் பலகையில் ஒட்டவைக்கும். நான் பலகைத் துண்டோடு அறுத்தெடுத்து, முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, அப்படியே தட்டில் வைப்பேன். ஒருநாள் மருந்துக் கடைச் சீனர் வந்தார். நான் தடுப்பதற்குள் ஒரு துண்டை எடுத்துக் காதருகே வைத்துத் தேங்காயைக் குலுக்குவதுபோல் குலுக்கினார். எனக்குத் தெரிந்த மலாய் வார்த்தையெல்லாம் கொட்டித் திட்டினேன். சும்மா பார்க்கத்தான் எடுத்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சும்மா தெங்ஙோக் லா!"

டார்ச்

இருட்டில் முட்டையின் பக்கத்தில் டார்ச் அடித்தால் விஷயம் தெரிந்துவிடும். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. வெறும் மஞ்சள் என்றால் கூமுட்டை. முதல் தட்டில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நரம்பு ஓடியது. அடுத்த தட்டுக்குப் போவதற்குள் முதலாளி வந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். ஊர்வலத்துக்குப் போகிறாராம். இன்னும் பாதி பார்க்கவில்லையே என்றேன். "நாட்டுக்கே சுதந்திரம் வரப்போவுது, உனக்கு ஒரு டார்ச்சுதான் பெருசாப் போச்சா?"

தாய்ப்பாசம்

தங்கை கல்யாணத்துக்காகச் சில நாள் குருபோங் போக வேண்டியிருந்தது. தெங்கேராவில் வாத்து முட்டை அடைவைக்கும் மாரியப்பண்ணனைக் காவலுக்கு விட்டேன். தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மண்டையை ஆட்டினார்.

திரும்பி வந்து பார்த்தால், கோடு போட்ட பக்கமெல்லாம் கீழே கிடந்தது. முதலாளியிடம் டார்ச்சைத் திரும்ப வாங்கி அடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட உயிரில்லை, நரம்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். மனுஷன் வாத்து முட்டையைப் பார்ப்பதுபோலவே பார்த்திருக்கிறார். கண் கலங்கி நின்றார்: "பெத்த தாய் மாதிரிப் பாத்துக்கிட்டேன் தம்பி, ஒரு வேளகூட திருப்பாம விடல."

பெயர்ப்பலகை

சொன்னபடி முதலாளி கொட்டகையைச் சாத்த வந்தார். வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றினோம். அதன் பின்னால் இரண்டு முட்டை ஓடுகள் உடைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு குஞ்சுகள் சுவரில் ஓடின. யாரும் குலுக்காத, யாரும் திருப்பாத முட்டைகள். "பாத்தீங்களா மொதலாளி, தொடாம விட்டா பொரிக்கும்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே!" என்று கத்தினேன். அவர் குஞ்சுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "தொடாம விட்டாலே பொரிக்குதுன்னா, அப்புறம் நீ எதுக்குடா?"

கை வைக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் அந்த ஊரில் பிழைப்பு இருந்தது. கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தெரிந்த நான்தான் மரம் சீவும் கத்தியைத் தீட்டிக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்கு பஸ் ஏறினேன்.