ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி இல்லை

ஞாயிறு பூசை முடிந்து வேதக்கோவில் வாசலுக்கு வந்தால் கொட்டாஞ்சேனை முழுக்கப் பன்றிக்கறி மணக்கும். கறுவாவும் மிளகும் போட்டு, காலையிலேயே விறகு அடுப்பில் ஏற்றிவிட்ட கறி... அதற்கும் மேலாக எங்கேயாவது வெண்ணெயும் ரோஸ் வோட்டரும் மணந்தால், அந்த வீட்டில் இன்றைக்குக் கேக் வெட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

கேக் வெட்டுகிற வீட்டில் எங்கள் அப்பா இருப்பார். கேட்கவே தேவையில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போகிற காலம். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். பெரிய சிரிப்பு, அதைவிடப் பெரிய வயிறு. றிக்ஷாக்காரர்கள் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்கள். ஆனால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் எல்லோருக்கும் ஞானத்தகப்பனாக அவர்தான் வேண்டும். "அவற்ர கை ராசியான கை" என்பார்கள். ஊரில் பாதிக் குழந்தைகள் அவருடைய ஞானப்பிள்ளைகள்.

ஞானஸ்நானம், பிறந்தநாள், முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை... ஞாயிறு தவறாமல் ஒரு வீட்டில் விருந்து. கேக் வெட்டியதும் முதல் துண்டைப் பிள்ளை தன் கையாலேயே ஞானத்தகப்பன் வாயில் தீத்த வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

அந்த அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்தது. கால் பெருவிரலில் ஒரு புண். சப்பாத்து கடித்த சின்னப் புண்தான், ஆறவே மாட்டேன் என்றது.

டொக்டர் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிறை குறையவேணும், சீனி இறங்கவேணும். இல்லாட்டி விரலை எடுக்கத்தான் வரும். விரலோட நிக்குமெண்டும் நான் சொல்லமாட்டன்."

அம்மா அன்று சமையலறையில் தனியாக நின்று அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் குரக்கன் மா அரிக்கத் தொடங்கினார்.

திங்கள் முதல் சனி வரை அப்பா தங்கம். குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், பாகற்காய், சீனியில்லாத பிளேன்டீ... ஒரு முணுமுணுப்பு இல்லை. வார முடிவில் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் மனுசன் மாறிவிடுவார்.

"ஞாயிறு ஆண்டவற்ர நாள். தவக்காலத்திலயே ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது. வேணுமெண்டால் கோவில் சுவாமியாரிட்டக் கேட்டுப் பாரும்."

உண்மைதான். தவக்காலம் முழுக்க ஒருசந்தி பிடித்து ஒருவேளை சாப்பாட்டோடு கிடப்பவர்களும் ஞாயிறென்றால் வயிறாரச் சாப்பிடலாம். அது நோன்புக்குள்ள சட்டம், சீனி வருத்தத்துக்கு இல்லை என்று அம்மா சொன்னது அப்பா காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் அப்பாவின் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டுச் சூடாக்குவார். நீலமாகவே நின்றால் நல்லது. அப்பாவுடையது ஒவ்வொரு திங்களும் செங்கல் நிறத்துக்கு வந்தது. பெல்ட்டும் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. புண் கறுக்கத் தொடங்கியது.

அம்மா சண்டை பிடித்துப் பார்த்தார். வீடு வீடாகப் போய், "அவருக்குக் குடுக்காதேங்கோ" என்று கெஞ்சியும் பார்த்தார். அவர்களும் ஓம் ஓம் என்றுவிட்டு, "ஒரு துண்டு கேக்கில என்ன வந்திடப் போகுது அன்ரி? பிள்ளை ஆசையா நிக்குது" என்றார்கள். பிள்ளை தீத்தினால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்த ஒரு துண்டுக்குப் பின்னால் மஞ்சள் சோறு வரும், பன்றிக்கறி வரும்...

கடைசியில் அம்மா சொல்வதை நிறுத்திவிட்டார். விருந்து வீட்டில் அப்பாவுக்கு எதிரில் வெறும் தட்டோடு போய் உட்கார்ந்தார். வீட்டுக்காரி பதறிப்போனாள். வந்தவர் வெறும் தட்டோடு இருந்தால் எந்த வீட்டுக்கும் மானக்கேடு அல்லவா?

"அன்ரி, கறி பிடிக்கேல்லயோ?"

"கறி திறம், பிள்ளை. எனக்குப் பசிக்கேல்ல."

நான் மட்டும் கேக்கை விடவில்லை. வீட்டில் எங்கள் எல்லோருக்கும் குரக்கன் பிட்டுத்தான், நாக்குச் செத்துப் போயிருந்தது... என்ன செய்ய!

வீட்டுக்கு வந்தும் அம்மா சாப்பிடவில்லை. அப்பாவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"இஞ்சாரும், ஞாயிறில ஒருசந்தி இருக்கிறது சரியோ?"

"ஒருசந்தி ஆர் இருக்கிறது? உங்கட விரலை நினைச்சால் எனக்குச் சோறு இறங்குதில்ல."

அப்பா அடுத்த ஞாயிறும் தின்றார், ஆனால் குனிந்துகொண்டு தின்றார்.

அதற்கடுத்தது லில்லி என்ற ஞானப்பிள்ளையின் முதல் நன்மை. வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக அந்தச் சின்னது லவ் கேக் துண்டோடு அப்பா முன்னால் வந்து நின்றது. அப்பா வாயைத் திறந்தார். எதிரில் அம்மா, முகம் வாடி, வெறும் தட்டோடு. அப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு கேக்கில் ஒரு துளி மட்டும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, லில்லியைத் தூக்கி மடியில் வைத்தார்.

"இவ்வளவு நாளும் நீங்களெல்லாம் எனக்குத் தீத்தினீங்கள். இனி நான் தீத்துறன். ஆ காட்டு, மகள்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது ஒரு புது விளையாட்டு. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரியிடம், "பிள்ளை, எனக்குக் கொஞ்சம் மஞ்சள் சோறு போடும்" என்றார்.

அன்றோடு அப்பா திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். பன்றிக்கறிச் சட்டிப் பக்கம் அவர் கை தானாகப் போகும். அம்மா பேசாமல் தன் தட்டைத் தள்ளி வைப்பார். கை திரும்பி வந்துவிடும். இப்படியே ஞாயிறு ஞாயிறாகப் போராடி, கண்ணாடிக் குழாய் பச்சையாகி, பிறகு நீலத்தில் நின்றது. புண் காய்ந்தது. சில வருடங்கள் கழித்து நான் வெள்ளவத்தைக்கு வாழ்க்கைப்பட்டபோது, அப்பா என் கையைப் பிடித்துப் பீடம் வரை தன் காலால் நடந்து வந்தார். கோட்டு தொளதொளவென்று இருந்தது.

இப்போது எனக்கும் சீனி. விரலில் குத்தி நானே பார்த்துக்கொள்கிறேன். எதை எவ்வளவு தின்னலாம் என்று சொல்ல என் போனில் மகன் ஏதோ ஒன்று போட்டுத் தந்திருக்கிறான். "ஞாயிறு சீட் டே அம்மா, ஒரு நாளைக்குக் கட்டுப்பாட்டை விட்டுச் சாப்பிடலாம்" என்று வெளிநாட்டிலிருந்து சொல்கிறான். அப்பா இருந்திருந்தால் பேரனைக் கட்டிப்பிடித்திருப்பார்!

போன ஞாயிறு பக்கத்து வீட்டிலிருந்து லவ் கேக் வந்தது. தனியாக மேசையில் இருந்து முழுவதையும் தின்றேன். நல்ல கேக்தான்...

எதிர்க் கதிரையில் எனக்காகப் பட்டினி கிடக்க ஒருத்தரும் இல்லை.